மணிக்கட்டு கலோரியும் பழவேற்காட்டு இறாலும்!

ஆபீஸில் பக்கத்து சீட்காரரிடம் 'மணி என்ன சார்?' என்று கேட்டுப் பாருங்கள். கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்ப்பார். பார்த்துவிட்டு '7,800' என்பார்! கேட்டது மணி. வந்த பதில், காலையிலிருந்து அவர் நடந்த அடிகள். மறுபடி கேட்டால், '312 கலோரி எரிச்சாச்சு' என்பார். மணி தெரிய வேண்டுமென்றால் சுவர்க் கடிகாரம்தான் கதி.

இந்த ரகக் கடிகாரங்கள் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. அடி எண்ணட்டும். நாடி பார்க்கட்டும். ராத்திரி எத்தனை தடவை புரண்டு படுத்தீர்கள் என்று காலையில் கோள் சொல்லட்டும். ஆனால், அந்தக் கலோரிக் கணக்கு இருக்கிறதே... அதில்தான் இடிக்கிறது. நான் பி.காம். எந்த எண்ணைக் காட்டினாலும் 'இதுக்கு வவுச்சர் எங்கே?' என்று கேட்கிற புத்தி.

என் நண்பர் ஒருவர், அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். வயது 34. எடை 84 கிலோ. 'சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைங்க' என்று டாக்டர் சொன்ன அன்றே கடைக்குப் போய் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டார். தினமும் சாயங்காலம் 45 நிமிஷம் நடை. நடந்து முடித்ததும் வாட்ச் '320 கலோரி' என்று காட்டி, திரையில் பட்டாசு வேறு வெடிக்கும். மனுஷர் நேரே பரோட்டாக் கடைக்குப் போவார். கேட்டால், 'சம்பாதிச்ச கலோரியைத்தானே சார் செலவு பண்றேன்!' என்பார். அக்கவுண்டன்ட் அல்லவா, வரவுக்குச் செலவு எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

நாலு மாசம் கழித்து எடை 86. 'வீட்டு மிஷின் சரியில்லை' என்று புது எடை மிஷின் வாங்கினார். அதுவும் 86 என்றது!

இப்போது கணக்கைப் பாருங்கள். 84 கிலோ ஆள் சாதாரண வேகத்தில் 45 நிமிஷம் நடந்தால், உடற்பயிற்சிப் புத்தகங்களின் அட்டவணைப்படி சுமார் 220 கலோரி. அதில்கூட 60 சொச்சம், அவர் அந்த 45 நிமிஷமும் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருந்தாலே எரிந்திருக்கும். நடந்ததற்கான அசல் லாபம் 160 பக்கம்தான். வாட்ச் எழுதிய வரவோ 320. தினம் 160 கலோரி பொய் வரவு. 120 நாளில் 19,200. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்தால் இரண்டரை கிலோ! உடம்பு இவ்வளவு நேர்க்கோட்டில் நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பரோட்டா எங்கே போய் உட்கார்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல வவுச்சர் கிடையாது.

இந்த ஆசாமியோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். பூநாரை பார்க்க. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். ரோடு கொஞ்சம் கரடுமுரடு. கம்பியைப் பிடித்தபடி குலுங்கி வந்த நண்பர் இறங்கியதும் வாட்ச்சைக் காட்டினார். பஸ்ஸில் வந்த நேரத்தில் நூற்றுச்சொச்சம் அடி 'நடந்திருந்தார்'!

பழவேற்காடு ஏரியைப் பற்றி ரெண்டு வார்த்தை. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம் பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிறார்களே, அதே இடம். 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன. பரப்பு பெரிசே தவிர ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். உல்லாசப் படகு என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் சவாரிக்குத் தடை. நாங்கள் கரையோடு நின்றுகொண்டோம்.

இங்கே மீன் பிடிப்பதில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இறால் அதிகம் கிடைக்கும் இடத்தை ஒருத்தரே அமுக்கிவிட முடியாது. ஆடிட்டர் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக நடக்கிற கணக்கு.

கரையில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் படகைத் தள்ளத் தயாராக இருந்தார். என் நண்பருக்குத் திடீரென்று விஞ்ஞானம் பொங்கிவிட்டது. வாட்ச்சைக் கழற்றினார்.

"அண்ணே, இதக் கொஞ்சம் கையில கட்டிக்கிட்டுப் போயிட்டு வர்றீங்களா?"

"இன்னா தம்பி இது, டைம் பாக்கவா?"

"நீங்க எவ்ளோ உழைக்கிறீங்கன்னு இது கரெக்டா சொல்லும்ணே."

"அதுக்கு வாட்ச்சு எதுக்குப்பா? என் வூட்டுக்காரியக் கேளு. ஒண்ணுமே உழைக்கலன்னு கரெக்டா சொல்லும்!"

சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார். நீளக் கழியை ஊன்றி, படகைத் தள்ளிக்கொண்டு போய், வலையைப் பார்த்து, இழுத்து, மீனைக் கொட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். தோளெல்லாம் வேர்வை. நண்பர் ஆவலோடு வாட்ச்சை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. தினம் சாயங்காலம் காற்று வாங்க நடக்கிறதற்கு வரும் எண்ணைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்!

"அவ்ளோதானா?" என்றார் மீனவர். கழியைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். "இதுக்குக் கண்ணு தெரியல தம்பி."

நான் நண்பரைக் கேட்டேன்: "இதுல யார் எடை போட்டிருக்கீங்க?"

"என் எடைதான். 84."

மீனவர் அறுபது கிலோவைத் தாண்டமாட்டார். ஆக, வாட்ச் சொன்னது அவர் உழைப்பை அல்ல. என் நண்பரின் உடம்பைத் தூக்கி அவர் படகில் வைத்து, அந்த உடம்பு கழி ஊன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனையாக ஒரு கணக்கு! அந்த உடம்பு கழி ஊன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குக் கலோரி இல்லாமலே தெரியும்.

இது ஆராய்ச்சி இல்லை, வேடிக்கை. ஆனால், அந்த வேடிக்கைக்குள்தான் சங்கதியே இருக்கிறது.

கலோரி என்பது வெப்பம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற வேண்டிய வெப்பத்தைத்தான் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு கலோரி என்கிறோம். உங்கள் உடம்பு எரிக்கிற வெப்பத்தை அந்த வாட்ச் அளப்பதே இல்லை. அதனிடம் இருப்பது இரண்டே இரண்டு சாட்சிகள். ஒன்று, கை அசைவதை உணரும் ஒரு சில்லு. இன்னொன்று, அடியில் மினுக்குகிற பச்சை விளக்கு. ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்குகிறது. திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறைகிறது. அதை வைத்து நாடித் துடிப்பை எண்ணுகிறது. மிச்சமெல்லாம் நீங்கள் தட்டச்சு செய்த வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா. இவற்றையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டுக் குலுக்கினால் கலோரி விழும். அந்தச் சூத்திரம் என்ன என்று கம்பெனிகள் முழுசாக வெளியே சொல்வதில்லை. தொழில் ரகசியமாம்!

கழி ஊன்றுகிறவரின் பலம் எங்கிருந்து வருகிறது? பாதத்தைப் படகில் அழுத்தி, முதுகை வளைத்து, தோளில் ஏற்றி... மணிக்கட்டு வெறும் கொக்கி மாதிரி கழியைக் கவ்விக்கொண்டிருக்கிறது. வலையை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துப் பிடித்து நிற்கும்போது தசையெல்லாம் எரியும், கை அசையவே அசையாது. அசைவை உணரும் சில்லுக்கு அது சும்மா நிற்கிற மாதிரி. இறுக்கிப் பிடிப்பதில் மணிக்கட்டு ரத்த ஓட்டமும் மாறுவதால் பச்சை விளக்கும் தடுமாறும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெயில். உச்சி வெயிலில் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் வேகமாக அடிக்கும். காப்பி குடித்தாலும் அடிக்கும், மேனேஜர் கூப்பிட்டாலும் அடிக்கும். வாட்ச் அதையெல்லாம் உழைப்பு என்று எழுதிவிடும். ஆக, ஒரு பக்கம் குறைக்கும், இன்னொரு பக்கம் கூட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. எப்போதும் ஐந்து நிமிஷம் பின்தங்குகிற கடிகாரமாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்ளலாம். இது அந்த ஜாதியும் இல்லை.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2017-ல் இதைச் சோதித்தார்கள். 60 பேர், ஏழு வகைக் கருவிகள். ஆப்பிள், ஃபிட்பிட், சாம்சங், மைக்ரோசாஃப்ட் எல்லாம் உண்டு. நடக்கவிட்டு, ஓடவிட்டு, சைக்கிள் மிதிக்கவிட்டு, மூக்கு வாயில் முகமூடி மாட்டி, மூச்சில் போகிற ஆக்ஸிஜனையும் வருகிற கரியமில வாயுவையும் அளந்தார்கள். நாடி விஷயத்தில் ஏழில் ஆறு கருவிகள் பாஸ். பிழை 5 சதவிகிதத்துக்கும் கீழே. கலோரிக்கு வந்தபோது எல்லாம் ஃபெயில்! இருப்பதிலேயே நல்ல கருவிக்கு 27 சதவிகிதப் பிழை. மோசமானதற்கு 93 சதவிகிதம்.

'அது பழைய கதை சார், இப்ப வர்ற மாடல் எல்லாம் வேற' என்பீர்கள். சரி. 2025-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தார் ஆப்பிள் வாட்ச்சைப் பற்றி மட்டுமே வந்த 56 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பில் பிழை 4 சதவிகிதச் சொச்சம். அடிகளில் 8 சொச்சம். கலோரியில்? சுமார் 28!

கறுப்புத் தோலில் பச்சை விளக்கு சரியாக வேலை செய்யாது என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டான்ஃபோர்ட் சோதனையில் அப்படித்தான் பிழை கொஞ்சம் கூடியது. ஆனால், 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் நாடித் துடிப்பை வைத்துச் சோதித்தபோது நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆள் அசைய ஆரம்பித்தால்தான் பிழை ஏறுகிறது என்றார்கள். ஓய்வில் இருப்பதைவிட 30 சதவிகிதம் கூட. அதாவது சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக வேலை செய்யும். என் நண்பருக்கு ஏற்ற கருவிதான்!

அந்தச் சூத்திரத்தின் பூர்வீகத்தையும் கொஞ்சம் கிளறலாம். 1780-களில் பிரான்ஸில் லவாய்சியே ஒரு சீமைப் பெருச்சாளியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியில் அடைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்தார். உயிர் என்பதும் ஒருவகை எரிதல்தான் என்று கண்டுபிடித்தது அப்படித்தான். மகா விஞ்ஞானி. ஆனால், வரி வசூல் கம்பெனியிலும் பங்குதாரர். 1794-ல் புரட்சிக்காரர்கள் தலையை எடுத்துவிட்டார்கள். (எடுத்தது விஞ்ஞானத்துக்காக அல்ல, வரிக்காக!) அப்புறம் 1919-ல் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 136 ஆண்கள், 103 பெண்களை அளந்து, உடம்பு சும்மா கிடந்தாலே எவ்வளவு எரிக்கும் என்பதற்கு ஒரு சமன்பாடு போட்டார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்தச் சமன்பாடு புழக்கத்தில் இருக்கிறது. பிற்பாடு வந்த சர்வதேசச் சூத்திரங்கள், நம் நாட்டு உடம்புகளுக்குக் கூடுதலாகவே காட்டுகின்றன என்று இங்கே செய்த ஆய்வுகள் சொல்லின. அதனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010 பரிந்துரையில் அவற்றிலிருந்து 5 சதவிகிதம் கழித்துக்கொண்டது. உங்கள் மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் சூத்திரம் கழித்ததா? வாட்ச் பெட்டிக்குள் வந்த காகிதத்தில் தேடிப் பாருங்கள். வாரண்டிக் கார்டுதான் இருக்கும்.

தினம் 10,000 அடி என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அதுகூட டாக்டர் சொன்னதல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பெயரின் அர்த்தம் 'பத்தாயிரம் அடி மீட்டர்'. சரக்கு விற்க வைத்த பெயர், இன்றைக்கு வேதவாக்கு!

'அப்படியென்றால் கலோரியைச் சரியாக அளக்கவே முடியாதா?' முடியும். ஆனால் காசு ஆகும், கூச்சமும் ஆகும். கொஞ்சம் கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்ஸிஜனும் கலந்த விசேஷத் தண்ணீரைக் குடிக்க வைப்பார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரம் உங்கள் சிறுநீரைப் பிடித்து வைத்துச் சோதிப்பார்கள். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும். ஆக்ஸிஜன் தண்ணீராகவும், மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கரியமில வாயு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதிலிருந்து கலோரி. இதுதான் கொட்டேஷன் இல்லாமல் ஒத்துக்கொள்ளக்கூடிய அளவு. இந்த முறையில் ஹெர்மன் பான்ட்ஸர் என்ற விஞ்ஞானியும் மற்றவர்களும் ஆப்பிரிக்காவில் டான்ஸானியா நாட்டின் ஹாட்ஸா வேடர்களை அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். தினமும் மைல் கணக்கில் நடந்து, கிழங்கு தோண்டி, வேட்டையாடிப் பிழைக்கிறவர்கள். அளந்தவர்களே அசந்துபோனார்கள். உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஹாட்ஸாக்கள் ஒரு நாளில் எரிப்பதும் அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகள் எரிப்பதும் கிட்டத்தட்ட ஒன்று! உழைப்பு கூடும்போது உடம்பு வேறு எங்கோ சிக்கனம் செய்துகொள்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று. உடம்பு இப்படிக் கணக்கை மாற்றி எழுதுகிற பேர்வழியாக இருந்தால், 'நடந்தது + ஓடியது = மொத்தம்' என்று கூட்டல் போடுகிற வாட்ச் என்ன செய்யும் பாவம்!

மறுபடி பழவேற்காட்டுக்கு வருவோம். நாங்கள் பார்த்ததில் எனக்கு மனசில் நிற்பது அந்த மீனவர் அல்ல, சற்றுத் தள்ளி முழங்காலளவுத் தண்ணீரில் இருந்த இருளர் பெண்கள். வலை கிடையாது. படகு கிடையாது. தண்ணீரில் குந்தியபடி நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிறார்கள். இறால் தட்டுப்பட்டால் ஒரே அமுக்கு. கை இரண்டும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கணக்கில். குந்தி நடப்பது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால், இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே குந்தி, பத்து அடி நகர்ந்து பாருங்கள். அப்புறம் அதைத் தண்ணீருக்குள், சேற்றில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கரையேறிய ஓர் அம்மாவிடம் நண்பர் வாட்ச்சை நீட்டினார். அந்த அம்மா தொடவே இல்லை. அடியில் மினுக்கியதைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு தம்பி பச்சையா மின்னுது? இத்தக் கட்டினு எறங்குனா எறா ஓடிப் பூடும்."

அந்த அம்மாவின் உழைப்பு தொடையிலும் இடுப்பிலும் கழுத்திலும் பல்லிலும் இருக்கிறது. மணிக்கட்டு சேற்றுக்கடியில் மெல்லத் தடவிக்கொண்டிருக்கிறது. அடி எண்ணும் சில்லுக்கு அங்கே வேலையில்லை. தண்ணீருக்குள் நாடி சரியாகக் கிடைக்காமல் போகலாம் என்று கம்பெனிகளே சொல்கின்றன. வாட்ச்சின் பட்டியலில் ஓட்டம் உண்டு, நீச்சல் உண்டு, யோகா உண்டு. இறால் தடவுவது எதில் சேரும்? 'இதர' என்று ஒன்று இருக்கிறது. ஆபீஸில் கணக்கு இடிக்கும்போது நாம் தள்ளிவிடுகிற அதே 'இதர செலவுகள்'!

'யாரோ ஒரு அம்மாவின் கலோரி வாட்ச்சில் ஏறாவிட்டால் என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். இந்த நாட்டில் கலோரி என்பது வெறும் பரோட்டாக் கணக்காக என்றைக்குமே இருந்ததில்லை. அது சம்பளக் கணக்கு.

நம் குன்னூரில் ஆரம்பித்த கதை இது. 1918-ல் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஒரு அறையில் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் 'பெரிபெரி' நோயை ஆராய உட்கார்ந்தார். அது வளர்ந்து சத்துணவு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். குன்னூரில் அதன் டைரக்டராக இருந்தவர் அய்க்ராய்ட். உழைக்கும் ஆளுக்கு இத்தனை கலோரி வேண்டும் என்று அவர் போட்ட கணக்கை வைத்து, 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. ஒரு ஆளுக்கு 2,700 கலோரி. அதை வாங்க என்ன விலையோ, அதிலிருந்து கூலி. 1979-ல் வறுமைக்கோடு போட்டபோதும் கலோரிதான். கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100. அதற்குக் கீழே சாப்பிட முடிந்தவர் ஏழை, மேலே என்றால் ஏழை இல்லை!

2019-ல் அனூப் சத்பதி தலைமையிலான மத்திய அரசு நிபுணர் குழு குறைந்தபட்சக் கூலியை மறுபடி கணக்குப் போட்டது. கடுமையான வேலை செய்கிறவர்களின் விகிதம் குறைந்துவிட்டது என்று சொல்லி, 2,700 கலோரியை 2,400 ஆக்கியது. புரதத்தையும் கொழுப்பையும் தனியாகச் சேர்த்து, தேச அளவில் நாளொன்றுக்கு 375 ரூபாய் என்று சிபாரிசு செய்தது. அந்த 300 கலோரிக் குறைப்பு சரியா தப்பா என்று பொருளாதாரக்காரர்கள் வாதாடட்டும். என் கவலை வேறு. யார் வேலை 'கடுமை', யார் வேலை 'மிதம்' என்று எழுதுகிறவர் எதைப் பார்த்து எழுதுவார்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்குப்படி, 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110 கலோரி, மித வேலைக்கு 2,710, கடும் வேலைக்கு 3,470. முதலுக்கும் கடைசிக்கும் 1,360 வித்தியாசம். பாதி நாள் சாப்பாடு! நாளைக்கே யாராவது புத்திசாலி 'தொழிலாளர் கையில் எல்லாம் வாட்ச் கட்டிவிட்டு அளக்கலாமே' என்று கிளம்பினால், அந்த இருளர் அம்மாவை எந்த வரிசையில் உட்கார வைப்பார்? கை அசையவில்லை, அடி எண்ணிக்கை இல்லை. உட்கார்ந்த வேலை!

திரும்பி வரும்போது நண்பர் கேட்டார், "அப்ப இதைத் தூக்கிப் போட்டுடவா?" வேண்டாம் என்றேன். காசு கொடுத்து வாங்கியாயிற்று. நாடித் துடிப்பைப் பாருங்கள், உட்கார்ந்திருக்கும்போது நம்பலாம். அடிகளை நம்பலாம், பஸ்ஸில் வராத வரைக்கும். போன வாரத்தைவிட இந்த வாரம் கூட நடந்தீர்களா என்று ஒப்பிடுங்கள். அதே கை, அதே வாட்ச், அதே ஆள் என்பதால் அந்த ஒப்பீடு உருப்படியானது. உங்கள் எண்ணையும் பக்கத்து சீட்காரர் எண்ணையும் வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். கலோரி என்ற கட்டத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட வசதி இருந்தால் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருநாள் அதே நேரத்தில் எடை பாருங்கள். இடுப்புக்கு ஒரு டேப். டேப் எட்டணா பொய்கூடச் சொல்லாது. முக்கியமாக, வாட்ச் வரவு வைத்தது என்று பரோட்டாக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இது சூத்திரம் இல்லை, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்று எடை போட்டுச் சொல்லக்கூடிய கணக்கு. அரை மணி நேர நடை இரண்டு விள்ளலில் காலி.

நண்பர் கலோரிக் கட்டத்தை எடுத்துவிட்டார். பரோட்டா இன்னும் வாரம் ஒருநாள் உண்டு. போன மாசம் 85 என்றார். பார்ப்போம்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். அன்றைக்குக் கிளம்புமுன் கரையில் வியாபாரி இறால் எடை போட்டுக்கொண்டிருந்தார். எலக்ட்ரானிக் தராசு. 2009-ம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வியாபாரத்துக்கு வைத்திருக்கும் தராசு எதுவானாலும் அதிகாரி சோதித்து முத்திரை குத்தியிருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி குத்த வேண்டும். கரையோர மீன் தராசுக்கு இந்தக் கட்டுப்பாடு. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிற வாட்ச்சின் கலோரிக்கு ஒரு முத்திரையும் கிடையாது.

அந்த அம்மா பறியைத் தட்டில் கவிழ்த்தார். வியாபாரி ஒரு எண்ணைச் சொன்னார். அம்மா எண்ணைப் பார்க்கவில்லை, தராசு நிற்கும் பலகையைப் பார்த்தார். குனிந்து, பலகைக்கு அடியில் ஒரு ஓட்டுச் சில்லைச் செருகி மட்டம் பார்த்தார்.

"இப்பப் போடுபா."

மறுபடி போட்டார். 40 கிராம் கூடியிருந்தது.